சூறாவளியானின் அத்தான்

சூறாவளியான் ஏழாம் மாடி ஜன்னலால் பாயப்போகிற நேரம் பார்த்துத்தான் குலசிங்கம் வாயைத் திறந்தான்.

“மச்சான் இராசநாயகம், முதலியார் முக்கால்வாசி சம்மதிச்சிட்டார். ஒரு சின்ன விசயம்தான் மிச்சம். வாற ஞாயிறு அவரும் எங்களோட இருந்து இந்தப் படம் பாக்கப் போறாராம்.”

இராசநாயகம் வாயில் போட்ட கச்சான் கடலையை மெல்ல மறந்தான்.

“அவர் ஏன் படம் பாக்கவேணும்?”

“ஏனோ? நீ இங்கிலீஷ் படத்தை அப்பிடியே சுடச்சுடத் தமிழில சொல்லுறாய் எண்டு நான்தான் புகழ்ந்துவிட்டனான். மனுசன் கதிரையால எழும்பி நிண்டிட்டார். ‘அப்பிடிப்பட்ட பொடியனோ? ஒருக்கா நேரில கேக்கவேணும்’ எண்டார். கேட்டாரெண்டால் காரியம் முடிஞ்சுது. புஷ்பவதி உனக்குத்தான்.”

“டேய், கலியாணக் கதையைப் பிறகு கதையுங்கோடா!” பாயில் படுத்திருந்த கோணாமலை கத்தினான். “பாஞ்சிட்டான்! பாயேக்க என்னவோ சொன்னவன். என்ன சொன்னவன்?”

இராசநாயகம் திரையைப் பார்த்தான். மஞ்சள் மேலங்கி குடைபோல விரிய, சூறாவளியான் பம்பரமாய்ச் சுழன்று வானத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

“‘அக்கா, நான் வாறன்’ எண்டு சொன்னவன்,” என்றான் இராசநாயகம்.

“அதுதானே பாத்தன். போன முறையும் அதைத்தான் சொன்னவன்,” என்று கோணாமலை திருப்தியோடு திரும்பிப் படுத்தான்.

திருகோணமலை லிங்கநகரில் குலசிங்கத்தின் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் சூறாவளியான்தான். சண்டை நடக்கிற காலம். றோட்டு ஒரு கிழமை திறந்தால் ஒரு கிழமை பூட்டு. புதுப்படம் ஒன்றும் ஊருக்கு வந்து சேராது. பக்கீர் நானாவின் வீடியோ வாடகைக் கடையில், பார்த்துப் பார்த்துத் தேய்ந்த தமிழ்ப் படங்களை விட்டால், எங்கிருந்தோ பிடித்து வந்த சூறாவளியான் கசெற் மூன்றும்தான் கதி. ஒன்றாம் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம்; முடிந்தால் திரும்பவும் ஒன்றாம் பாகம். இது எத்தனையாவது சுற்று என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் ஒருவருக்கும் அலுக்கவுமில்லை. அலுக்குமா? கோணாமலை சாம்பல்தீவுக்கு அங்கால் சல்லிக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவன். நேவியிடம் பாஸ் எடுத்து, நேரம் பார்த்து, எல்லை பார்த்துத்தான் அவனுக்குக் கடல். சூறாவளியான் கடலுக்கு மேலால் பறக்கிற இடம் வந்தால் அவன் எழும்பிக் குந்திவிடுவான்.

“பார், பார்! பாஸுமில்லை, கீஸுமில்லை. விரும்பின பக்கம் போறான். ஆம்பிளை எண்டால் அவன்தான்ரா!”

குலசிங்கம் தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றும் லொறிச் சாரதி. வழியில் எத்தனை சோதனைச் சாவடி உண்டோ, அத்தனையிலும் மூட்டையை இறக்கி ஏற்றுகிறவன். “வானத்தால போறவனிட்ட ஆர் அடையாள அட்டை கேக்கிறது?” என்று அவன் பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சில் பக்தி இருந்தது.

எல்லாம் சரி. பிரச்சினை இதுதான்: இராசநாயகத்துக்கு அந்தப் படத்தில் ஒரு சொல்லும் விளங்காது.

கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாஸ் பண்ணியவன். முதன்முதல் படம் போட்ட அன்றைக்குக் கோணாமலை, “நீ படிச்சனிதானே, என்ன சொல்லுறான் எண்டு சொல்லு,” என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்து இங்கிலீஷ் வேறு, படத்து இங்கிலீஷ் வேறு போலிருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, ஆட்களின் முகத்தைப் பார்த்து ஒரு கதை கட்டினான்.

வெள்ளிப்பல் கட்டிய வில்லன், சூறாவளியானின் அக்காவைக் கட்டிய அத்தான் ஆனான். அக்காவின் சீதன வயலை விற்றுத் தின்றவன். சிவப்புச் சட்டைக்காரி முறை மச்சாள். கண்ணாடிக் குழாய்களோடு நிற்கும் மொட்டைத்தலைக் கிழவர் பெரியப்பா. குடும்பத்தில் சண்டை வரக்கூடாதென்று மருந்து காய்ச்சுகிறவர். மூன்று பாகமும் அந்த வயல் வழக்கில்தான் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் கதை இறுகிக்கொண்டே வந்தது. இப்போது அதில் ஒரு வரி மாற்றினாலும் கோணாமலை விடமாட்டான்.

வருகிறவர் யார்? முதலியார் கனகரத்தினம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலை பார்த்தவர்களை ஊரில் முதலியார் என்றுதான் சொல்வார்கள். சாட்சி தமிழில் தும்மினால் இவர் இங்கிலீஷில் தும்முவார் என்று பெயர். “காணி வேண்டாம், கல்வீடு வேண்டாம். எனக்கு மருமகனாய் வாறவனுக்கு இங்கிலீஷ் வேணும்” என்று மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர்.

அவருடைய மகள் புஷ்பவதிக்குத் தபால் கந்தோரில் வேலை. அவள் முத்திரையை நனைத்து ஒட்டுகிற பவிசைப் பார்ப்பதற்காகவே இராசநாயகம் யாருக்கும் எழுதாத கடிதங்களுக்கு முத்திரை வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தான். ஒரு நாள் அவள் தலை நிமிர்த்தி, “நீங்கள் கடிதம் எழுதுறனீங்களோ, முத்திரையைத் தின்னுறனீங்களோ?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு நித்திரையில்லை.

அவளை இழக்க ஏலாது. ஆகவே படம் ஓடக்கூடாது.

அடுத்த நாளே பக்கீர் நானாவின் கடைக்கு ஓடினான்.

“நானா, மூண்டாம் பாகம் கசெற் சரியில்லை. ஒரே கோடு. சத்தமும் இரையுது. இந்த ஞாயிறு அதை வெளியில குடுக்காமல் வைச்சால் நல்லது.”

பக்கீர் நானாவின் முகம் கறுத்தது. “என்ட கடைக் கசெற்றில கோடா? தம்பி, பத்து வருசமா இந்தத் தொழில்ல இரிக்கன். பெண் வீட்டாரும் வாறாங்களாமே, குலசிங்கம் சொன்னாரு. உங்கட கலியாணத்தில என்ட கசெற் மானத்தை வாங்கினால் நான் பிறகு ஊருக்குள்ள நடக்கலாமா?”

“இல்லை நானா, அப்பிடிப் பெரிசா ஒண்டும்...”

“ஒண்டும் கதைக்காதீங்க. நான் பாத்துக்கிறன்.”

பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கசெற்றைத் துடைத்து, வீடியோ டெக்கின் தலையை ஸ்பிரிட் போட்டுக் கழுவி, கடையில் கண்காட்சிக்கு வைத்திருந்த பெரிய ரீவியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

“இப்ப கேளுங்க. அவன் மூச்சு விட்டாலும் கேக்கும்,” என்றார் பெருமையாக. “எனக்குக் கப்பல் ஜெற்றியடியில ஒரு வேலை இரிக்கு. படம் முடியிற நேரம் வந்து சாமானை எடுக்கிறன்.”

இராசநாயகத்தின் திட்டம் படுத்துவிட்டது. ஆனாலும் மூளை படுக்கவில்லை. எல்லோரும் தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போன நேரம், கதவுக்கு மேலிருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

மத்தியானம் முதலியார் வந்தார். அந்த வெயிலிலும் கோட்டு. கையில் குடை. பின்னால் புஷ்பவதி, பச்சைச் சேலையில். இராசநாயகம் ஒரு கணம் பியூஸ் கட்டையை மறந்தான்.

“மிஸ்டர் இராசநாயகம்?”

“ஓம் ஐயா.”

“கோட்டில நான் வாய் திறந்தால் நீதவானே பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்பார். அப்பிடி இருந்தனான். இண்டைக்கு நான் கேக்க வந்திருக்கிறன்.”

குலசிங்கம் சுவிச்சைப் போட்டான். ஒன்றுமில்லை. இன்னொன்றைப் போட்டான். அதுவும் இல்லை.

“கறண்ட் நிண்டிட்டுது!”

“அடடா,” என்றான் இராசநாயகம். அந்த அடடாவில் இருந்த ஆனந்தத்தை மறைக்க அவன் இரண்டு தரம் இருமவேண்டியிருந்தது. “ஐயாவை வீணாய் அலைக்கழிச்சுப் போட்டம். இன்னொரு நாளைக்கு...”

“பரவாயில்லை. கறண்டுக்கு நாங்கள் கட்டளை போட ஏலுமே?” முதலியார் குடையை எடுத்தார். அவர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்தது போலிருந்தது.

“இருங்கோ ஐயா!” கோணாமலை பாய்ந்து வந்து வாசலை மறித்தான். “ஐஸ் அறைக்காரன்ர ஜெனறேற்றர் இருக்கு. கொண்டுவாறன். மண்ணெண்ணெய் என்ர போட்டுக்கு வைச்சது கிடக்கு.”

“டேய், அது உன்ர தொழிலுக்கு எல்லோ? உந்தத் தட்டுப்பாட்டில?” என்றான் இராசநாயகம் பதறிப்போய்.

“நாளைக்குக் கடலுக்குப் போகாட்டிப் போகுது. உன்ர கலியாணம் நடக்கவேணும்!” கோணாமலையின் கண் கலங்கியிருந்தது. இராசநாயகத்துக்குச் சட்டைப்பை நெருப்பாய்ச் சுட்டது.

ஜெனறேற்றர் வந்தது. கயிற்றை இழுத்ததும் அது போட்ட இரைச்சலில் பக்கத்து வளவுக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. இராசநாயகத்தின் முகத்தில் மறுபடி ஒளி.

“இதை ஜன்னலுக்குக் கீழ வைப்பம்,” என்றான். “வயர் எட்டவேணுமெல்லோ?”

வயர் தாராளமாய் எட்டியது. ஆனாலும் அவனே தள்ளிக்கொண்டு போய், சரியாக ஜன்னலின் கீழே வைத்தான். படம் தொடங்கியது. சூறாவளியான் வாயைத் திறந்தான், ஜெனறேற்றர்தான் பேசியது. முதலியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார்.

“ஒண்டும் கேக்கேல்லையே?”

“ஓம் ஐயா, என்ன செய்யிறது,” என்றான் இராசநாயகம் பெரும் துக்கத்தோடு.

“செய்யலாம்!” என்று குலசிங்கம் எழும்பினான். “பிள்ளையார் கோயில் லவுட்ஸ்பீக்கர் தலைவரிட்டக் கிடக்கு!”

கொஞ்ச நேரத்தில் திருவிழாப் பெட்டி ஒன்றும் புனல் ஒன்றும் வந்து முன்னறையில் குந்தின. வயரைச் செருகியதும் சூறாவளியான் லிங்கநகர் முழுக்கக் கேட்கப் பேசினான். நித்திரையால் எழும்பிய சனமெல்லாம் வேலியடிக்கு வந்தது. வந்தவர்களை அன்னலட்சுமி, குலசிங்கத்தின் மனைவி, கூப்பிட்டுக் கூப்பிட்டு இருத்தினாள். “வாங்கோ, வாங்கோ. இண்டைக்கு அத்தான் சாகிற பாகம்!” றோட்டால் போன ரோந்துக்காரர் இரண்டு பேர் சத்தத்தை விசாரிக்க வந்தவர்கள், சூறாவளியான் கிளம்புகிற இடத்தைக் கண்டதும் துவக்கைத் தோளில் சரித்துக்கொண்டு வேலியிலேயே சாய்ந்துவிட்டார்கள்.

முதலியாருக்கு மட்டும் கேட்கவேண்டாம் என்று நினைத்தவன், இப்போது ஊருக்கே கேட்கவைத்திருந்தான்.

“தொடங்குங்கோ மிஸ்டர் இராசநாயகம்,” என்றார் முதலியார். பக்கத்துக் கதிரை. முழங்கையோடு முழங்கை.

பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பவதி அவனைப் பார்த்தாள். அவனுக்குக் கடைசியாய் ஒரு வழி தோன்றியது. யாரும் பிழை பிடிக்க முடியாதபடி, எந்தப் படத்துக்கும் பொருந்துகிறபடி, பட்டும் படாமலும் சொல்லிவிட்டால்?

வெள்ளிப்பல்காரன் மேசையில் குத்தினான்.

“இந்த... மந்திரி சொல்லுறார்,” என்றான் இராசநாயகம், “நிலைமை மோசம் எண்டு.”

“எந்த மந்திரி?” கோணாமலை எழும்பிக் குந்தினான். “அது அத்தானெல்லோ!”

“அத்தான்தான். மந்திரியாயும் இருக்கிறார்.”

“எப்ப மந்திரியானவர்? போன ஞாயிறு வரைக்கும் அக்காவின்ர வயலை வித்துத் திண்டுகொண்டு திரிஞ்சவர்!”

“தம்பி, உங்களைக் கும்பிட்டன், உந்தப் பாவிக்குப் பதவி குடுக்காதேங்கோ!” என்று அன்னலட்சுமி கையெடுத்தாள்.

“அப்ப வயல் என்னாச்சு?” வேலியடியிலிருந்து ஒரு குரல்.

“வயலும் இருக்கு...”

“மச்சாள் ஆர்? மந்திரியின்ர செயலாளரோ? டேய், இண்டைக்கு உனக்கு என்னடா பிடிச்சது?”

முதலியார் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. ஜெனறேற்றர்கூட ஒரு தரம் விக்கியது.

“மிஸ்டர் இராசநாயகம். ஒரு வாக்குமூலத்தை ரெண்டு விதமாய்ச் சொல்லுறது மொழிபெயர்ப்பாளருக்கு அழகில்லை. சபைக்குச் சொல்லுங்கோ. அத்தானோ, மந்திரியோ?”

முடிந்தது கதை என்று நினைத்தான் இராசநாயகம். புஷ்பவதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். எப்படியும் அகப்படத்தான் போகிறோம். அகப்படுகிறவன் தன் சொந்தக் கதையோடு அகப்படட்டும். அந்தக் கதையிலாவது அவனுக்கு நம்பிக்கை இருந்தது.

“அத்தான்தான் ஐயா,” என்றான் நிமிர்ந்து. “சூறாவளியானின்ர அக்காவைக் கட்டினவர்.”

முதலியார் கண்ணை மூடினார். ஒரு நிமிசம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“எனக்கும் அப்பிடித்தான் கேட்டது,” என்றார்.

இராசநாயகம் திரும்பினான். அவர் கேலி செய்கிறாரா என்று பார்த்தான். முகத்தில் கேலியில்லை. நீதிமன்றக் களை இருந்தது.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க ஆளில்லை. மச்சாள் அழுதாள், அழுகிற காரணம் சொன்னான். முதலியார் தலையாட்டினார். பெரியப்பா குழாயைக் குலுக்கினார்; வேப்பெண்ணெய் போட்ட மருந்து என்றான். “மிகச் சரி,” என்றார் முதலியார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் தடுத்தார். “‘துரோகி’ எண்டது காணாது. அவன் அழுத்திச் சொன்னவன். ‘நம்பிக்கைத் துரோகி’ எண்டு போடுங்கோ.”

“நன்றி ஐயா. நம்பிக்கைத் துரோகி!” என்றான் இராசநாயகம். சபை கைதட்டியது.

மெல்ல மெல்ல அவனுக்கே ஒரு சந்தேகம் பிறந்தது. ஒருவேளை தனக்கு உண்மையிலேயே இங்கிலீஷ் தெரியுமோ? தெரியாது தெரியாது என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலமும் சரியாகச் சொல்லியிருக்கிறானோ? அவன் நெஞ்சு விரிந்தது.

ஒரு கட்டத்தில் வெள்ளிப்பல்காரன் வேலையாட்களைப் பார்த்து உறுமிய உறுமலில் “கந்தோர்” என்ற சொல் தெளிவாய் விழுந்தது. சனம் ஆரவாரித்தது.

“கந்தோர் எண்டுறான்! எங்கட சொல்லைக் கதைக்கிறான்!” கோணாமலை துள்ளினான்.

முதலியார் சிரித்தார். “அது எங்கட சொல் இல்லைத் தம்பி. ஒஃபீசுக்குச் சுத்தமான இங்கிலீஷ். பழைய இங்கிலீஷ். நாங்கள்தான் அவங்களிட்ட எடுத்தது.”

“கேட்டியளே, படிச்ச மனுசன்!” என்று வேலியடி வியந்தது. ரோந்துக்காரரில் ஒருவனும் மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

பாலத்துக் காட்சி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் காத்திருக்கிற காட்சி. கீழே ஆறு. அத்தான் பாலத்து விளிம்பில் ஒற்றைக்கையில் தொங்குகிறான். மேலே சூறாவளியான், மஞ்சள் மேலங்கி கிழிந்து. கையை விட்டால் கதை முடிந்தது. அவன் விடவில்லை. குனிந்து, தன்னை மூன்று பாகமாய் வதைத்தவனின் மணிக்கட்டைப் பிடிக்கிறான்.

இராசநாயகம் எழும்பிவிட்டான். முதலியாரையும் பரீட்சையையும் மறந்துவிட்டான்.

“‘அத்தான், வயல் போகட்டும்’ எண்டுறான். ‘வயலை நான் திரும்ப உழலாம். அக்கா வாசலில நிண்டு கொண்டிருக்கிறா. நீங்கள் வராட்டி அந்த வாசலில நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது? போனவங்கள் ஆரும் திரும்பி வாறதில்லை எண்டு ஊர் சொல்லுது. ஒரு ஆளையாவது நான் திரும்பக் கொண்டுபோய்க் குடுக்கவேணும்.’”

ஜெனறேற்றர் இரைந்தது. வேலியடியில் நின்ற பெண்களில் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்னலட்சுமி அழுதேவிட்டாள். அத்தானின் கை வழுக்கியது. அவன் கடைசியாக என்னவோ சொன்னான்.

“‘மச்சான், அவவிட்டச் சொல்லு, நான் வரத்தான் வெளிக்கிட்டனான் எண்டு.’”

அத்தான் விழுந்தான். சூறாவளியான் அவன் பின்னாலேயே பாய்ந்தான். கோணாமலை, இது எத்தனையாவது முறை என்று தெரியாதவன், “பிடிச்சிடுவான், இந்த முறை பிடிச்சிடுவான்ரா!” என்று பாயைப் பிய்த்தான்.

படம் முடிந்தபோது முதலியாரின் கைக்குட்டை நனைந்திருந்தது. அவர் எழும்பினார். கோட்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

“இந்தச் சபையில உள்ள எல்லாருக்கும் சொல்லுறன். கோட்டில சத்தியம் பண்ணிச் சொல்லுற மாதிரிச் சொல்லுறன். என்ர உத்தியோக காலத்தில இப்பிடி ஒரு மொழிபெயர்ப்பை நான் கேட்டதில்லை. ஒரு சொல் கூடவுமில்லை, ஒரு சொல் குறையவுமில்லை. சொல்லுக்குச் சொல் சரி! மிஸ்டர் இராசநாயகம்... இல்லை, தம்பி இராசநாயகம்... நாள் பாக்கச் சொல்லுங்கோ.”

விசில் பறந்தது. குலசிங்கம் அவனைத் தூக்கிச் சுற்றினான். சட்டைப்பையிலிருந்து பியூஸ் கட்டை விழுந்து உருண்டது. “இது இஞ்சயோ கிடந்தது!” என்று கோணாமலை எடுத்துக் கதவுக்கு மேல் செருகினான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சந்தோசத்தில் யார் கேட்கிறார்கள்?

ஜெனறேற்றர் ஓய்ந்தது. தேத்தண்ணி வந்தது. தட்டை நீட்டியவள் புஷ்பவதி.

“நான் படத்தைப் பாக்கவேயில்லை,” என்றாள் தாழ்ந்த குரலில். “நீங்கள் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். இனிமேல் முத்திரைக்கு அலையத் தேவையில்லை.”

ஊர் முழுக்கக் கேட்கப் பேசியவன் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

முதலியார் நடுக்கதிரையில் இருந்து, சுற்றிவர நின்ற சனத்துக்கு, படத்து இங்கிலீஷில் வருகிற சில நுணுக்கமான இடங்களை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம்தான் படலையைத் தள்ளிக்கொண்டு பக்கீர் நானா ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி! இந்தக் கசெற் மூண்டையும் எனக்கு வித்த கப்பல்காரன் இண்டைக்குத் திரும்ப வந்திரிக்கான், நாலாம் பாகமும் கொண்டாந்திரிக்கான். ஆனா ஆளுக்கு ஒரே அதிசயம், ‘படம் முழுக்க எங்கட ஒல்லாந்துப் பாஷையாச்சே, திருகோணமலையில அதை ஆரப்பா உங்களுக்கு விளங்கப்படுத்துற?’ எண்டு கேக்கான்!”